குண்டு, இரண்டாந்தரம்

வெள்ளவத்தை
03.02.2000

பிறிஜெற்றுக்கு,

உம்முடைய அப்பாவின் வீடியோக் கடையில் ஒரே பெயரில் இரண்டு படம் இருக்கிறது என்று ஏன் ஐசே முதலே சொல்லவில்லை? சனிக்கிழமை உம்முடைய கிளமென்ற் அண்ணை வழக்கம்போலப் பையோடு வந்து, "இந்தா, தங்கச்சி உன்னட்டைக் குடுக்கச் சொன்னவள்" என்று இரண்டு கசெற்றை நீட்டினார். இரண்டு பெட்டியிலும் ஒரே இங்கிலிஸ் பெயர். வியாபாரம் படுத்து, ஒன்று எடுத்தால் ஒன்று இனாம் என்று அப்பா தொடங்கிவிட்டாராக்கும் என்று நினைத்தேன்.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் கீழே ஓடினேன். எங்கள் அறைக்குக் கீழே ரீவி திருத்துகிற ஷிப்லி நானாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்தானே. அவர் கடைக்கு வருகிற நோயாளி ரீவி எல்லாம் குணமானதும் முதலில் எனக்குத்தான் படம் காட்டும். போட்டுப் பார்த்தால் ஒன்று கறுப்பு வெள்ளை, மற்றது கலர். கதை ஒன்று, கள்ளன் இரண்டு. பழைய ஓவியங்களைத் திருத்துகிறவன், ஒரு பெண் ஜன்னல் சாத்துகிற சின்ன ஓவியத்தைக் களவெடுக்கிறான். இன்சூரன்ஸ்காரர் அவனைப் பிடிக்க ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். அவள் அவனைப் பிடிக்கப் போய், அவனைப் பிடித்துப்போய்... சரி, உமக்குத் தெரிந்த கதை.

எனக்கு ஏன் பிடித்தது தெரியுமா? களவுக்காக இல்லை. அவன் நடக்கிற நடைக்காக. காவலாளிகள் வரிசையாக நிற்கிற வாசலால், தொப்பியைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு, "குட் ஈவினிங்" என்று சொல்லிப் போகிறான். ஒருத்தனும் அடையாள அட்டை கேட்கவில்லை! எங்கே பிறந்தாய், யாழ்ப்பாணத்திலிருந்து எப்போது வந்தாய், பொலிஸ் பதிவு எங்கே, ஒன்றும் இல்லை. நான் காலி வீதிப் பேக்கரியில் பாண் வாங்கித் திரும்புவதற்குள் இரண்டு சென்றியில் மறித்துச் சோதிப்பார்கள். என் கையில் ஒரு இறாத்தல் பாண். அவன் கோட்டுக்குள் கோடி ரூபாய் ஓவியம். அவனுக்கு சல்யூட் அடிக்கிறார்கள், ஐசே. கனடாவிலிருந்து அப்பா எங்களைக் கூப்பிடுகிற விசாப் பேப்பர் வரும்வரை வெளியே தலைகாட்டாதே என்று அம்மா அடைத்து வைத்திருக்கிற ஒருவனுக்கு அந்த நடையைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

கலர்ப் படம் சரியில்லை. கள்ளன் குண்டன். காவலைத் தாண்டப் போனவன் காதலைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். 'வ' இருந்த இடத்தில் 'த' வந்து படமே படுத்துவிட்டது. முடிவையும் கெடுத்துவிட்டார்கள். பழையதில் அவன் வருவதில்லை, ஓவியம் மட்டும் பார்சலில் வருகிறது. அவள் திறந்து பார்க்கிறாள், முடிந்தது. அது முடிவு! புதியதில் அவனே வந்து வாசலில் மூச்சு வாங்குகிறான். அந்த உடம்போடு மாடி ஏறினால் வாங்கத்தானே செய்யும்.

உம்முடைய அப்பா உம்மை ரியூசன் வகுப்புக்கு வரவிடாமல் மறித்த பிறகு பின் வாங்கில் சிரிக்க ஆளில்லை. ஹமீமா முன் வாங்கிலிருந்து முறைக்கிறாள். மாளிகாவத்தையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து படிக்கிறவளுக்கு என் பகிடி தேவையில்லையாம். ஆனால் கடிதம் கொண்டுபோகச் சம்மதித்துவிட்டாள். இனி அவள்தான் எங்கள் தபால் கந்தோர்.

துஷ்யந்தன்


கொட்டாஞ்சேனை
08.02.2000

துஷ்டனுக்கு,

உம்முடைய கடிதத்தை அப்பாவின் கண்ணில் படாமல் வாசிக்க, கடைக்குப் பின்னால் வெற்றுப் பெட்டி அடுக்குகிற இடத்தில் போய் நின்றேன். நீர் எழுதுகிறவற்றுக்குப் பொருத்தமான இடம்.

அவன் நடக்கிற நடையை மட்டும் பார்த்தீர். அவள் கேட்கிற கேள்விகளைக் கேட்டீரா? எங்கே நின்றாய், யாரோடு நின்றாய், கையில் என்ன காயம். அவன் பொய் சொல்லச் சொல்ல அவளுக்குப் பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பாள். அவன் அதற்கும் ஒரு பொய் சொல்லுவான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் கண்ணாடியைப் பார்ப்பான். எனக்கு அதுதான் படம். வெறும் களவு பார்க்கவேண்டும் என்றால் எங்கள் சந்தியில் நிற்கலாம், கசெற் தேவையில்லை.

ஏன் திரும்ப எடுத்தார்கள் என்று ஒரு தரமாவது யோசித்தீரா? பார்சலோடு அவளைத் தனியே விட்டுவிட்டுப் போன முடிவு யாரோ ஒரு ஆளை நித்திரை கொள்ள விட்டிருக்காது. அவர் சின்ன வயதில் பார்த்திருப்பார். வளர்ந்து, காசு சேர்த்து, அதே கதையை எடுத்து, "இல்லை, அவன் வந்தவன்" என்று மாற்றிவிட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். குண்டனையும் பிடிக்கும். மூச்சு வாங்க வருகிறவன்தான் வந்தவன்.

இப்போது வேலை. இந்த இரண்டு கசெற்றாலும் கடையில் ஒரே கரைச்சல். போன மாதம் ஹெவ்லொக் டவுன் அன்ரி ஒருவர் கலர் கேட்க, அப்பா மாறிக் கறுப்பு வெள்ளையை அனுப்பிவிட்டார். அன்ரி அரை மணித்தியாலம் ரீவியில் தட்டிப்போட்டு போன் எடுத்து, "தம்பி, என்ர ரீவியில கலர் செத்துப்போச்சு" என்றாராம். உமக்குத்தான் எழுத்து வடிவாக வருமே. திருப்பி அனுப்ப முதல் எது எது என்று தெரிகிற மாதிரி இரண்டிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிடும்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
12.02.2000

பிறிஜ்ஜுக்கு (ஜெற்றைக் கழற்றி வைத்துவிட்டேன், போன கடிதம் அவ்வளவு குளிர்),

கட்டளை நிறைவேறியது. வெள்ளைத் தாள் வெட்டி, ஷிப்லி நானாவின் சிவப்பு மார்க்கரால், காலி வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டிவிட்டேன். இங்கிலிஸில் எழுதினால் மறுபடியும் குழப்பம் என்று தமிழிலேயே எழுதினேன்.

கறுப்பு வெள்ளைக்கு: ஒல்லி. முதலாந்தரம்.
கலருக்கு: குண்டு. இரண்டாந்தரம்.

விளங்கினதோ? முதற் தடவை எடுத்தது முதலாந்தரம், அது முதல்தரமான படமும்தான். இரண்டாவது தடவை எடுத்தது இரண்டாந்தரம், சரக்கும் இரண்டாந்தரம். உம்முடைய குண்டனை அவன் முதுகிலேயே எழுதி அடித்திருக்கிறேன். உம்முடைய அப்பா படித்தால் தடவைக் கணக்கு, நீர் படித்தால் தாக்குதல்.

கிளமென்ற் அண்ணை இன்று மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டேய், இது கொத்துரொட்டிக் கடை போட் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அம்மா தந்த தேத்தண்ணியை நின்றுகொண்டே குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஒரு கதை தெரியுமோ? இவ்வளவு படம் சுமக்கிற மனுசன் ஒன்றுமே பார்ப்பதில்லையாம். "பாக்கத் தொடங்கினால் குடுக்கப் பிந்திப்போகும்" என்கிறார்.

முடிவைப் பற்றி நீர் எழுதியதற்குப் பதில் யோசிக்கிறேன். தோற்றுப்போனேன் என்று நினைக்கவேண்டாம். யோசிக்கிறேன்.

துஷ்டன்


கொட்டாஞ்சேனை
14.02.2000

துஷ்யந்தன்,

கிளமென்ற் அண்ணா சனிக்கிழமை வீட்டுக்கு வரவில்லை.

பஸ்ஸை மறித்த சென்றியில் இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பை நிறையக் கசெற். எல்லாவற்றிலும் இங்கிலிஸ், ஹிந்தி எழுத்து. இரண்டில் மட்டும் சிவப்பில் பெரிதாகத் தமிழ். தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறார். வெடிக்கிற குண்டு. இரண்டாம் முறை.

இரண்டாம் முறை என்றால் முதலாம் முறை எங்கே வைத்தீர்கள் என்று அண்ணாவைக் கேட்கிறார்களாம். ஒல்லி என்பது யார், இயக்கத்தில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்களாம். பொலிஸ் வாசலில் நேற்று முழுக்க நின்ற அப்பாவுக்கு ஒரு கொன்ஸ்டபிள் இரக்கப்பட்டுச் சொன்னது இவ்வளவும்.

ஷிப்லி நானாவின் கடைக்கு போன் எடுத்தேன். லைன் செத்துக் கிடக்கிறது. அதனால் ஹமீமாவின் வீட்டுக்கே ஓடிப்போய் இதைக் கொடுக்கிறேன்.

அது உங்கள் எழுத்து. அது என்ன என்று சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். வாருங்கள்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
15.02.2000

பிறிஜெற்,

நீர் என்னை 'நீங்கள்' என்று எழுதியதைக் கண்டதும் கடிதத்தோடு கீழே ஓடினேன். மிச்சத்தை ஷிப்லி நானாதான் வாசித்துச் சொன்னார்.

நேற்றிலிருந்து செருப்பைப் போடுகிறேன், கழற்றுகிறேன். படியில் இறங்குகிறேன், ரெயில் போகிற சத்தத்தில் ஏதோ வாகனம் வருகிறது என்று நினைத்து ஏறுகிறேன். அம்மா கதவில் சாய்ந்து நிற்கிறா. "நீ போனால் ரெண்டு பிள்ளையள் உள்ளுக்கை. போகாட்டி ஒண்டு" என்றா. கணக்கில் பிழை இல்லை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் பருத்தித்துறை. எனக்குப் பதினேழு வயது. பொலிஸ் பதிவு போன மாதத்தோடு முடிந்துவிட்டது, புதிது இன்னும் எடுக்கவில்லை. கனடாப் பேப்பருக்குப் பொலிஸ் றிப்போட் வேண்டும். இந்த வாசலுக்கு நானாகப் போனால் என்னைப் பற்றி என்ன எழுதுவார்கள்?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இங்கிலிஸில், படத்தின் கதை முழுக்க, எது குண்டு, எது ஒல்லி, எது தரம் என்று விளக்கமாக எழுதி, கீழே 'ஒரு மாணவன்' என்று போட்டிருக்கிறேன். அப்பாவிடம் கொடுத்து இன்ஸ்பெக்டரிடம் சேர்க்கச் சொல்லும். வாசித்தால் விளங்கும். விளங்கவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பகிடி எழுதி வெட்டிவிட்டேன்.

துஷ்யந்தன்


கொட்டாஞ்சேனை
16.02.2000

துஷ்யந்தன்,

உங்கள் பார்சல் கிடைத்தது.

அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வாசிக்கக்கூட இல்லை. பெயரில்லாத தாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய, எழுதினவனைக் கொண்டுவா என்றாராம். யார் எழுதியது என்று அப்பாவைக் கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து என்னைக் கேட்டார். நானும் தெரியாது என்றேன். என் அப்பாவின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியவில்லை. மாதா படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அண்ணாவுக்கு உங்கள் பெயர் தெரியும். உங்கள் அறை தெரியும், உங்கள் அம்மாவின் தேத்தண்ணி தெரியும். நான்கு நாளாக ஒல்லி யார் என்று கேட்கிறார்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் இதற்குள் உங்கள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டிருக்கும். கேட்டதா?

எழுதி ஒட்டச் சொன்னது நான். அதை மறைக்கவில்லை. நானே போய் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வெளிக்கிட்டேன். அப்பா கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார். என் கையெழுத்துக் கோழி கிளறினது மாதிரி, எழுதிக் காட்டு என்றால் அங்கேயே பிடிபடுவேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் முடிவு உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது எனக்குத் தெரியும். ஓவியத்தை அனுப்பினால் போதும், ஆள் வரத் தேவையில்லை.

பிறிஜெற்


வெள்ளவத்தை
18.02.2000

பிறிஜெற்,

அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார், அதனால் நான் சொல்லப்போவதில் பாதி உமக்குத் தெரிந்திருக்கும். மிச்சப் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

உம்முடைய கடிதத்தைக் கீழே கொண்டுபோய் ஷிப்லி நானாவிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துக் கடை ஷட்டரை இழுத்து விட்டார். "தனியப் போனா ஒன்ட சிங்களத்துக்கே ஒன்னப் புடிச்சிப் போடுவானுகள். வா புள்ள" என்றார். கசெற் போடுகிற டெக்கை ஒரு சாரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் போனோம். அம்மாவிடம் சொல்லவில்லை. படியில் இறங்கும்போது கதவு திறந்த சத்தம் கேட்டது. கூப்பிடுவா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

வாசலில் உம்முடைய அப்பா நின்றார். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரைத் தெரிந்தது, கிளமென்ற் அண்ணையின் அதே நெற்றி. நான் அவரைக் கடந்து போனேன். அந்த வாசலால் நடக்கும்போது எனக்கு எந்த நடையும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பெரிய உடம்புக்காரர். மேசையில் அந்த இரண்டு கசெற்றும். "மொகத மே?", என்ன இது, என்று சிவப்பு எழுத்தில் விரல் வைத்தார். ஷிப்லி நானா வாயைத் திறக்க, அவரைக் கையால் மறித்து, எழுதினவன் சொல்லட்டும் என்றார். சிங்களத்தில் உடம்பானவர்களுக்கு 'மஹத' என்று சொல்வார்கள்தானே. ஐயாவுக்கு 'மஹத்தயா'. நான் மரியாதையாகச் சொல்ல வெளிக்கிட்டேன்:

"குண்டு கியன்னே மஹத, மஹத்தயா."

குண்டு என்றால் குண்டு, ஐயா. அப்படித்தான் நான் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டது, குண்டு என்றால் இந்தக் குண்டு ஐயா. அறையில் இருந்த அத்தனை பேரும் இன்ஸ்பெக்டரின் வயிற்றைப் பார்த்தார்கள். என் கண்ணும் அங்கேதான் போனது, பிறிஜெற், வேறெங்கும் போகமாட்டேன் என்றது. மூலையில் நின்ற கொன்ஸ்டபிள் இருமுகிற மாதிரி முகத்தை மூடினார். செத்தேன் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் டெக்கைக் காட்டி, போடு என்றார்.

பொலிஸ்காரரின் ரீவியில் கலர்க் கசெற்றைப் போட்டேன். போட்டது பிழை. அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது என்று உமக்கு நினைவிருக்கிறதா? கட்டடத்தின் வரைபடம், மேசை மேல். எந்த வாசலில் எத்தனை காவல். மின்சாரம் நிற்கிறது, புகை வருகிறது, சனம் ஓடுகிறது. ஒவ்வொன்றாக வர வர அறையில் சத்தம் குறைந்துகொண்டே போனது. "இது படமா, பயிற்சியா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஷிப்லி நானா, "சேர், கொஞ்சம் பொறுங்க சேர், காதல் வரும்" என்று கெஞ்சினார். நான் பட்டனை அழுத்தி ஓடவிட்டேன். காதல் எப்போது வரும், காதல் எப்போது வரும் என்று ரீவியைப் பார்த்து வேண்டிக்கொண்டு நின்ற கள்ளன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வந்தது. உம்முடைய குண்டன், அந்த ஒடுக்கமான கதவால் பக்கவாட்டில் நுழைகிறான். மூலையில் நின்ற கொன்ஸ்டபிள் தன்னை மறந்து, "அம்மோ, மஹத!" என்று கத்தினார். அவருக்குப் பிறகுதான் விளங்கியது தான் என்ன சொன்னேன் என்று. இன்ஸ்பெக்டர் திரும்பி அவரைப் பார்த்தார், பெட்டியின் எழுத்தைப் பார்த்தார், பிறகு குண்டனைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எங்கே நின்றாய், யாரோடு நின்றாய். அவன் கண்ணாடியைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டி, "அடுத்த கேள்வி கையைப் பற்றிக் கேட்கவேணும்" என்றார். அவள் கையைப் பற்றிக் கேட்டாள். நான் இந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்தும் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று அந்த ஆள் பக்கத்தில் இருந்தபோதுதான் பார்த்தேன். நீர் எழுதியது சரி. எனக்கு அப்போது உம்மில் கோபம்கூட வந்தது, அவ்வளவு சரி.

படம் முடியும் முன்னே அண்ணையைக் கொண்டுவந்தார்கள். சேர்ட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாறிப் போட்டிருந்தார். செருப்பு இல்லை. நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டதும் திரும்பி, "நீ ஏன்டா வந்தனீ?" என்று மட்டும் கேட்டார். ரீவியை அவர் பார்க்கவே இல்லை.

கசெற் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். என் அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிறு காலையும் நான் அங்கே வந்து கையெழுத்துப் போடவேண்டும். எத்தனை ஞாயிறு என்று கேட்டேன். முதலில் இந்த ஞாயிறு வா என்றார்கள். கனடாப் பேப்பர் இனி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. அம்மா சோற்றை வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுகிறா.

ஷிப்லி நானா ஒவ்வொரு கிழமையும் கடையைப் பூட்ட முடியாது. ஞாயிறு நான் தனிய. முதல் தரம் போனபோது என்னைக் கோபம் தள்ளிக்கொண்டு போனது, உம்முடைய கோபம். இரண்டாவது தரத்துக்கு அப்படி ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே போகிற கதவு தெரியும். வெளியே வருகிறது அவர்கள் கையில்.

துஷ்யந்தன்


கொட்டாஞ்சேனை
19.02.2000

துஷ்யந்தனுக்கு,

ஹமீமா வாசலில் காத்து நிற்கிறாள், அதனால் கெதியாக எழுதுகிறேன்.

அண்ணாவை டொக்டரிடம் காட்டினோம். இடது காதுச் சவ்வில் கிழிசல். ஆறும், கொஞ்சம் குறைவாகக் கேட்கும் என்றார். அண்ணா கடையில் இருக்கிறார், பஸ்ஸில் ஏறமாட்டேன் என்கிறார். உம்மில் கோபமா என்று கேட்டேன். "அவன் வராமல் விட்டிருக்கலாம்" என்றார். அதைத் திட்டாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமே ஒரு நாள் கேளும். வலப்பக்கம் நின்று கேளும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உம்முடைய பெயர், கடிதங்கள், ஹமீமா, எழுதச் சொன்னது நான் என்பது வரைக்கும். அடிப்பார் என்று நினைத்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னேன். அப்பா, "டெக்கைச் சாரத்தில சுத்திக்கொண்டு வந்த சோனகரோட ஒரு பொடியன் போனான். அவனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். நாளைக்கு நான் எங்கே போகப்போகிறேன் என்று சொன்னபோது, "பாவாடை சட்டையோட போகாத, பள்ளிக்கூட வெள்ளை யூனிபோமப் போட்டுக்கொண்டு போ, அப்பதான் துரத்தமாட்டான்" என்றார்.

நாளைக்குப் பூசைக்கு நான் போகவில்லை. அண்ணா உள்ளே இருந்த ஒவ்வொரு நாளும் அப்பா போய் அந்தப் பொலிஸ் வாசலில் நின்றார். ஏன் வெயிலில் காய்கிறீர்கள், அவர்கள் உள்ளே விடப்போவதில்லையே என்று அம்மா கேட்டதற்கு, "வெளியில ஒரு ஆள் நிக்குது எண்டு அவங்களுக்குத் தெரியவேணும்" என்றார். உள்ளே நடந்ததை அது நிறுத்தவில்லை. ஆனால் அண்ணா சொல்கிறார், கொண்டுபோகும்போதும் வரும்போதும் ஒரு ஜன்னலால் அப்பாவின் குடை தெரிந்ததாம்.

எங்களிடம் குடை ஒன்றுதான், அதை நான் எடுத்து வருகிறேன். கறுப்பு. நீர் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்வரை அந்த வாசலை விட்டு அசையமாட்டேன். வந்த பிறகு நேரில் சண்டை பிடிப்போம், எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இனிக் கடிதம் வேண்டாம்.

பஸ் பிந்தினாலும் பிந்தும். நீர் முந்தி வந்தால் தெருவின் மற்றப் பக்கத்தில் நில்லும். நான் வந்து நிற்கிறதைப் பார்த்துவிட்டு உள்ளே போம்.

பிறிஜெற்